பூக் கேட்டு வாங்கிய படகு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தே ஐந்து மழைக்காலத்தைக் கடத்திவிட்டேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் என் மகள் பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த நோட்டு ஒன்றை எடுப்பேன். நாலு வரி எழுதுவேன். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று பயம் வரும். கிழித்துவிடுவேன். என் வீட்டுக்காரி, "எழுதி இன்னா ஆவப்போவுது? நாம்ப இந்த ஊர்லதான் இருந்தாவணும். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேரு வரணும்" என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான் என்று நோட்டை மூடிவிடுவேன்.

போன மாதம் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் ஒரு ஆள் இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அதைக் கேட்ட பிறகு பயம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம். அவர் சொன்னதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்றரைக் காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவன். காலையில் குளித்து, திருநீறு இட்டு, கற்பூரம் காட்டாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். கிருத்திகை தவறாமல் மயிலம் முருகன் கோயிலுக்கு நடந்தே போகிறேன். எங்கள் ஊர் அம்மனுக்குப் பதினேழு வருடம் காப்புக் கட்டித் தீ மிதித்திருக்கிறேன். சாமி இல்லை என்கிற ஆள் எழுதியது என்று யாரும் இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். என் கோபம் அவள் மேல் இல்லை. அவள் பெயரைச் சொல்லி நாங்கள் செய்த காரியத்தின் மேல்.

எங்கள் ஊருக்கும் என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் நடுவில் சங்கராபரணி ஆறு ஓடுகிறது. அக்கரையில் முப்பது நாற்பது வீடுதான். பஸ், ரேஷன் கடை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி எல்லாம் இக்கரை. நடுவில் ஒரு தரைப்பாலம் இருந்தது. ஒரு வருடம் செஞ்சிப் பக்கம் கொட்டிய மழையில் அதன் நடுப்பகுதி அடித்துக்கொண்டு போய்விட்டது. சிமெண்டுக் குழாய்களைப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி ஒரு வழி செய்தார்கள். அடுத்த மழைக்கு அதுவும் தாங்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுற்றுவழி ஒன்று உண்டு. அதில் இரண்டு ஓடை குறுக்கே வரும். மழைக் காலத்தில் அதுவும் அறுந்துபோகும்.

தங்கை வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லாமல் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் எங்கள் மாப்பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை. "மச்சான், ஒரு நாளிக்கு ரெண்டு டம்ளர் தண்ணிக்கு மேல குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இந்த ஆறு அத்தக் காதுல வாங்கிக்கினு, நான் தர்றேன்டா தண்ணின்னு வாசல் வரைக்கும் வருது" என்பார்.

எங்கள் ஊரில் பிறந்து வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், பாலம் போன படத்தை செல்போனில் பார்த்துவிட்டு, புதுப் பாலம் வரும் வரைக்கும் ஊருக்கு ஒரு மோட்டார் படகு வாங்கித் தருகிறேன் என்றார். எந்தப் படகு என்பதைக் கோயில் கமிட்டியே பார்த்து முடிவு செய்யட்டும் என்று பொறுப்பை எங்களிடம் விட்டார். அந்தக் கமிட்டியில் நானும் ஒருவன்.

செய்தி கேட்ட மறுநாளே தங்கை வந்தாள். கையில் ஒரு சவுக்குக் கழி. அதில் மூன்று இடத்தில் துணி கட்டியிருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"ஆத்த அளந்து வெச்சிருக்கேன் அண்ணா. மேல இருக்குதே செவப்பு, அது வெள்ளம் வந்த நாளு. புளியமரத்துல ஒட்டிக்கினு இருந்த சேத்தப் பாத்துக் கட்டினேன். அது ஒரு நாளு, மிஞ்சினா ரெண்டு நாளு. அன்னிக்கி எந்தப் போட்டும் எறங்கக் கூடாது. இந்தப் பச்ச, மூணாம் நாள்ல இருந்து ஒரு வாரம். இடுப்பு. கீழ இருக்கிற மஞ்சா, அதுக்கு மேல ரெண்டு மாசம். முட்டி. எனக்கு வேண்டியது பச்சையும் மஞ்சாவும்தான்."

"முட்டித் தண்ணின்னா நடந்தே வந்துடலாமே."

"நான் வருவேன். அவரு வருவாரா? இழுப்பு ஆளத் தள்ளிடும். அடியில பூராப் பாறை. எருமைப்பாறைகிட்ட எனக்கே ரெண்டு வாட்டி காலு போயிடுச்சி. பாறை மேல போற மாரி போட்டு இருந்தா அத்த வாங்கு. இந்தக் கழிய எடுத்துக்கினு போயி, விக்கிறவங்ககிட்ட காட்டு. வாயால சொல்லாத. காட்டு."

காட்டுகிறேன் என்று சொன்னேன். எருமைப்பாறை என்பது ஆற்றின் நடுவில் எருமை படுத்திருப்பது போல் கிடக்கும் பாறை. கோடையில் அதன் மேல் துணி காயப்போடுவார்கள். இடுப்புத் தண்ணீரில் அதன் முதுகு வெளியே தெரியாது. ஒரு சாண் கீழே இருக்கும்.

படகு பார்க்கப் புறப்பட்டது நானும் தர்மகர்த்தாவும். அவருக்கு நெல் மிஷின் உண்டு, இரண்டு டிராக்டர் உண்டு. ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அப்பா இறந்தபோது முதல் ஆளாய் வந்து பந்தலுக்கு நின்றவர். அதனால்தான் அவர் எதிரே எனக்கு வாய் வருவதில்லை. பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பார்த்துவிட்டு, "யோவ், இன்னாய்யா கம்பு? போட்டு பாக்கப் போறோமா, மாடு மேய்க்கப் போறோமா?" என்றார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி வீட்டுக்கு ஓடி, கழியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வந்தேன். நான்கு பேர் சிரித்ததற்காக.

திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணம் பக்கம் கடற்கரையில் இருந்த ஒரு படகுப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். கை முழுக்கப் பிசின் காய்ந்து தோல் உரிந்தது போல் இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு முதல் கேள்வியே, "தண்ணி எவ்ளோ ஆழங்க?" என்றார்.

"யானை முழுவும்" என்றார் தர்மகர்த்தா.

எங்கள் ஊரில் வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆறு பெரிய ஆறு என்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. பத்து மாதம் அது கல்லும் முள்ளுமாய்க் கிடப்பதை வெளியூரில் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கழி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"யானை முழுவறது எத்தன நாளுக்குங்க?"

தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, அடியில மணலா, கல்லா?"

"பாறை" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

மெக்கானிக் எழுந்து எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் நின்றது ஃபைபர் படகு. நீலமும் வெள்ளையும் அடித்து, மூக்கு உயரமாய், பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை போல் இருந்தது. பின்னால் தொங்கும் மோட்டாரின் அடியில் காத்தாடி. அதற்கு அந்தாண்டை தகரக் கொட்டகையில், எங்கோ சுற்றுலாப் படகுத்துறையில் ஓடிப் பழசாகி வந்த ஒன்று கிடந்தது. அலுமினியத்தில் செய்தது. அடி தட்டை. வண்ணம் உரிந்து, பக்கமெல்லாம் நசுங்கி இருந்தது.

"இதுல காத்தாடி கெடையாதுங்க" என்றார் மெக்கானிக். "அடியில ஒரு சல்லடை இருக்கு பாருங்க. அது வழியா தண்ணிய உறிஞ்சி, பின்னால பீச்சி அடிக்கும். அந்த வேகத்துல போட்டு ஓடும். ஜெட் போட்டு. நிக்கறப்போ முட்டித் தண்ணி வேணும். ஓட ஆரம்பிச்சிட்டா சாண் தண்ணி போதும். கல்லு மேல ஒரசினா நசுங்கும், ஒடையாது. அந்த ஃபைபர் கல்லுல பட்டா விண்டுடும்."

"கொற ஒன்னும் இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"ஏன் இல்ல. பெட்ரோல் ஊத்தி மாளாது, அவ்ளோ குடிக்கும். சல்லடையில சருகு, பொடிக்கல்லு அடைச்சிக்கும். ஒராளு உக்காந்து எடுக்கக் கத்துக்கணும். முக்கியமா ஒன்னு. மத்த போட்டுல பயம் வந்தா வேகத்தக் கொறைப்போம். இதுல கொறைச்சா திரும்பாது. தண்ணி பீச்சி அடிச்சாத்தான் திரும்பும். கல்லப் பாத்ததும் கைய எடுத்துட்டா நேராப் போயி அதுல ஏறும். ஒரு மாசம் ஓட்டிப் பழகணுங்க."

சொன்னதோடு விடவில்லை. வண்டியில் ஏற்றிக் கழுவெளி ஏரி ஓரத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். கெண்டைக்கால்தான் நனைந்தது. என் பக்கத்தில் இரண்டு ஆள் தூரத்தில் அந்தத் தகரப் படகு சர்ரென்று போனது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது. என் தங்கை கேட்டது இதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாது என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்ய முடியாது.

தர்மகர்த்தா கரையிலேயே நின்றுகொண்டு, "பன்னிக்குக் கஞ்சி ஊத்தற தொட்டி மாரி இருக்குது. இதுல நம்ம கோயிலு அம்மா படத்த எங்க மாட்டுவ?" என்றார்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. அவர் நீலப் படகின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். நான் தட்டைப் படகைப் பற்றிச் சொன்னேன். சொன்னேன் என்று பெருமையாய்ச் சொல்கிறேன். நான்கு வார்த்தை இழுத்தேன், அவ்வளவுதான். ஒருவர், "யாரோ ஓட்டித் தள்ளின பழசு நமக்கு எதுக்கு?" என்றார். இன்னொருவர், "தங்கச்சி ஊட்டுக்காகப் பேசறாரு" என்றார். தர்மகர்த்தா சிரித்துக்கொண்டே, "பேசட்டும்யா. ஊருக்கு வாங்கறது ஊருக்கு, ஊட்டுக்கு வாங்கறது ஊட்டுக்கு. அது அவருக்கே தெரியும்" என்றார்.

காது சுட்டது. எழுந்து போய்விடலாம் போல் இருந்தது. சண்டையும் வேண்டாம், அவர் முகத்தை முறிக்கவும் வேண்டாம், தங்கையிடம் பதில் சொல்லவும் வேண்டாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு வழி தோன்றியது. "நமக்கு எதுக்கு வாக்குவாதம்? அம்மாகிட்ட பூக் கேட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான்.

கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் எங்கள் பக்கம் பூக் கேட்பது வழக்கம். ஒரு இலையில் சிவப்பு அரளி, இன்னொரு இலையில் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரில் கட்டி, அம்மன் காலடியில் உருட்டிவிடுவார் பூசாரி. ஒன்றை எடுத்துப் பிரித்தால் அதுதான் உத்தரவு. சிவப்பு நீலப் படகுக்கு, வெள்ளை தட்டைப் படகுக்கு என்று பேசிக்கொண்டார்கள். கேட்டவனே எடுக்கட்டும் என்று என்னையே விட்டார்கள். ஈரத் துணியோடு போய், கண்ணை மூடி, "தாயே, பெருசா, தட்டையா, நீயே சொல்லு" என்று எடுத்தேன்.

சிவப்பு.

பெண்கள் குலவை போட்டார்கள். தர்மகர்த்தா என் தோளில் கை போட்டு, "பாத்தியா" என்றார். எனக்கு வருத்தமாய் இருந்ததா என்று கேட்டால், இல்லை. நிம்மதியாய் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

தங்கையிடம் போய், "அம்மா உத்தரவும்மா" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைதான், "அம்மாவே செலக்ட் பண்ணிட்டாங்களா? அப்ப டிரைவரும் அவங்களே வருவாங்க, உடு" என்றார்.

படகு வந்தது. மாவிலை கட்டி, மூக்கில் அம்மன் படம் மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டோம். கார்த்திகையில் மழை பிடித்தது. ஆறு வந்து குழாய் வழியைத் தூக்கிக்கொண்டு போனது. முதல் நாள் படகைப் பாய்ச்சல் இல்லாத கரையோரத்தில், வயல் மேல் நின்ற தண்ணீரில் ஓட்டினார்கள். ஆளாளுக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். செல்போனில் அது திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் போனது. ஆற்றின் குறுக்கே யாரும் போகவில்லை, போகவும் முடியாது. மரம் மரமாய் அடித்து வந்துகொண்டிருந்தது. அக்கரையில் மாப்பிள்ளைக்கு ஒரு டயாலிசிஸ் தவறியது.

நான்காம் நாள் வெயில் அடித்தது. தண்ணீர் இடுப்புக்கு இறங்கிவிட்டது. தங்கையின் பச்சைத் துணி. அன்று இரண்டாவது டயாலிசிஸ் நாள். தங்கை போன் செய்தாள். "மூச்சு விடறாரு அண்ணா, ஆனா சத்தம் கேக்குது. வந்துடு."

படகை ஓட்டுவது தர்மகர்த்தாவின் டிராக்டர் டிரைவர். ஆற்றைப் பார்த்துவிட்டு அவர் தயங்கினார். "தண்ணி கம்மியாயிடுச்சி மொதலாளி. காத்தாடி தட்டும். அந்த மெக்கானிக்கு சொல்லிக்கினு இருந்தாரு."

"அம்மா குடுத்த போட்டுய்யா அது. ஒன்னும் ஆவாது. எடு" என்றார் தர்மகர்த்தா. நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

போகும்போது இரண்டு பேர்தான். படகு லேசாய் மிதந்தது, தப்பித்துப் போய்விட்டோம். அக்கரையில் மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கி வைத்தோம், தங்கை ஏறினாள். நான்கு பேர் ஆனதும் படகு கூடுதலாய் ஒரு சாண் அமிழ்ந்தது. நடு ஆற்றுக்கு வந்தபோது தங்கை எழுந்து, "எருமைப்பாறை, எருமைப்பாறை. அந்தாண்ட ஓட்டு" என்று கத்தினாள். அவள் வாய் மூடவில்லை, அடியில் டமார் என்றது. மோட்டார் துள்ளி மேலே வந்தது. காத்தாடியில் இரண்டு இறக்கை இல்லை. இழுப்பு படகைக் குறுக்கே திருப்பி, எருமைப்பாறைக்கும் பக்கத்துப் பாறைக்கும் நடுவில் சொருகியது. ஃபைபர் விண்டு தண்ணீர் உள்ளே ஊறியது.

அப்போது காலை ஒன்பது மணி. இறங்கினால் இழுப்பில் நிற்க முடியாது. தங்கை ஒரு டப்பாவால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் மாப்பிள்ளையின் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கால் தண்ணீர்ப் பை போல் அமுங்கியது. அவர் படகுக்குள் ஏறுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து இழுத்து, "மச்சான், ரெண்டு டம்ளரத் தாண்டிடுச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தமாஷ் பேசவில்லை.

இரண்டு கரையிலும் ஜனம். இக்கரையில் பெண்கள் அம்மனைக் கூப்பிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படகின் மூக்கில் அம்மன் படம் எங்களைப் பார்த்தபடி இருந்தது. நான் அவளை வேண்டவே இல்லை. எதை வைத்து வேண்டுவது? மரத்தில் கயிறு கட்டி, டிராக்டரைத் தண்ணீர் ஓரம் வரை இறக்கி, எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எங்களைச் சேர்க்கும்போது சாயங்காலம் நாலு மணி. விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். மெஷினில் போட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் தங்கை வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருமாதிக்குத் தர்மகர்த்தா வந்தார். மாலை கொண்டுவந்தார். அழுதார், பொய்யாய் அழவில்லை. பிறகு எல்லோரும் கேட்கும்படி, "நாம இன்னா பண்றது? அவ குடுத்த பூ. அவளே கூப்டுக்கினா" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிய தலையை நிமிர்த்தியபோது தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு கேட்டாள். "பூக் கேட்டியே அண்ணா. அந்தக் கழியில நான் கட்டினத அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"பாறை இருக்குதுன்னு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப அவ எதுக்குப் பதில் சொன்னா?"

அவள் கத்தவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.  பெருசா, தட்டையா என்று கேட்டேன். தண்ணீரில் இறங்கி நின்று, கண்ணால் பார்த்து, எனக்கே தெரிந்த ஒன்றை, தெரியாதது போல் அம்மன் காலடியில் போட்டேன். கண்ணும் காலும் கொடுத்தவளும் அவள்தான். கழியில் துணி கட்டி அளக்கிற புத்தியை என் தங்கைக்குக் கொடுத்தவளும் அவள்தான். அதையெல்லாம் ஓரமாய் வைத்துவிட்டு இரண்டு பூவைக் கொண்டுபோய் நீட்டினால் அவள் என்ன செய்வாள்? ஒரு பெரிய மனிதரிடம் முடியாது என்று சொல்லப் பயந்து, அந்தப் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்தவன் நான்.

இது இதோடு போயிருந்தால் நான் இன்னும் நோட்டைக் கிழித்துக்கொண்டே இருந்திருப்பேன். அந்தப் படகை ஒட்டுப்போட்டு, வண்ணம் அடித்து, கோயில் பக்கத்தில் கொட்டகை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஆற்றில் இறங்குவதில்லை. வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் குங்குமம். ஆடியில் டிராக்டர் வண்டியில் ஏற்றி அம்மனை அதில் ஊர்வலம் விடுகிறார்கள். பாலத்துக்குத் தூண் மட்டும் நிற்கிறது. என் தங்கை அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போகிறாள்.

போன மாதம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அனந்தபுரம் பக்கத்து ஊர்க்காரர். என்னை யாரென்று தெரியாது. கையில் டீயை வைத்துக்கொண்டு எங்கள் ஊரைப் பற்றியே சொன்னார். "அந்த ஊர்ல அம்மாவே பூ குடுத்து போட்டு வாங்க வெச்சாங்களாம். மூணு வாட்டி கேட்டாங்களாம், மூணு வாட்டியும் செவப்பு. உசுரு போவற ஆள அந்தப் போட்டுதான் கரை சேத்துச்சாம். நடு ஆத்துல பாம்பு வந்து படம் எடுத்து நின்னுச்சாம். எங்க ஊர்லயும் ஆறு, பாறை. தரைப்பாலம் போயிடுச்சி. அதே மாரி போட்டுதான் வாங்கப் போறோம்."

"பூ எடுத்தது நான்தான்" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கையை உதறினேன். "விடுய்யா. அந்த ஆளு செத்துட்டாரு. என் தங்கச்சி புருஷன். அந்தப் போட்டாலதான் செத்தாரு" என்று சொன்னேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை நம்பவில்லை. நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாரே என்பது போல் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஊரில் யார் வீட்டில் என்ன நோயாளி இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

பாறை ஆற்றுக்குப் படகு வாங்குகிறவர்களுக்கு என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். வெள்ளம் வந்த நாளை வைத்து வாங்காதீர்கள், அன்றைக்கு எதுவும் மிதக்கும். வடிந்த நாளில் இறங்கி அளந்து பாருங்கள். நோயாளியும் கூட வருகிறவர்களும் ஏறினால் எத்தனை சாண் அமிழும் என்று கேளுங்கள். அடியில் காத்தாடி தொங்கக் கூடாது. அழகு வேண்டாம், நசுங்கினாலும் உடையாதது வேண்டும். ஓட்டுகிறவர் ஒரு மாதம் பழகட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ஆற்றைத் தினமும் தாண்டுகிற பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டு, அதன் பிறகு அம்மனிடம் போய்க் கற்பூரம் ஏற்றுங்கள். அவள் ஏற்றுக்கொள்வாள்.

தங்கையின் கழி இப்போது என் பூசை அறையில் இருக்கிறது. துணி வெளுத்துவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் ஆற்றங்கரையில் இருக்கிற நான்கு பேருக்காவது சொல்லுங்கள். சொல்லும்போது பாம்பைச் சேர்க்காதீர்கள். பூவை மூன்று முறை ஆக்காதீர்கள். ஒரு முறைதான் எடுத்தேன். என்மேல் பரிதாபப்பட்டு எதையும் விட்டுவிடவும் வேண்டாம். அவனுக்கு முன்னாலேயே தெரியும், கழியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை எடுத்துவிட்டால் பழி மறுபடியும் அம்மன் காலடிக்குத்தான் போகும்.